இனி என்னை யாரும் தூக்க வேண்டாம்

அன்பு மகன் அருளுக்கு,

நீ தூத்துக்குடிக்குப் பயிற்சிக்குப் போய் மூன்றரை மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் செய்தால் நீ கேட்கிற முதல் கேள்வி, "இன்னிக்கு கோயிலுக்கு யாரு நைனா உன்ன தூக்கினு போனாங்கோ?" என்பதுதான். என் துறைமுகத் தோழர்கள் மஸ்தான், சவரி, கூட இரண்டு பேர் என்று நானும் வாய்க்கு வந்த பெயர்களைச் சொல்லி உன்னைச் சமாளித்து வந்தேன். அது பொய். கடந்த ஐந்து ஞாயிறாக என்னை யாரும் தூக்கவில்லை. மூன்றாவது மாடியிலிருந்து நானே இறங்கி, ஆட்டோ பிடித்து, மாதா கோயிலில் பூசை பார்த்துவிட்டுத் திரும்பி, நானே மாடியேறி வந்தேன். நீ ஊருக்கு வரும்போது நேரில் செய்து காட்டி உன் வாயைப் பிளக்க வைக்க வேண்டும் என்று அம்மாவிடமும் மஸ்தானிடமும் சத்தியம் வாங்கி வைத்திருந்தேன். அதைக் கெடுத்தவன் நீதான்.

நேற்றுக் காலை நீ அம்மாவிடம் பேசினாய். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு ஜன்னலில் வைத்துவிட்டுத்தான் மீன் கழுவுவாள் என்பது உனக்குத் தெரியாதா? ஓமன் துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக் வேலை, மூன்று வருஷ ஒப்பந்தம், இந்த மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், ஆனால் போடப் போவதில்லை என்றாய். "நைனாவ யாரும்மா தூக்குவாங்கோ? அவரு மூச்சு வாங்கினு கெடக்க சொல்ல, நான் அங்க போய் இன்னாத்த கிழிக்கப் போறேன்?" என்றாய். உள்ளே கட்டிலில் உட்கார்ந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கண் கலங்கியது உண்மை. அடுத்த நிமிஷம் ஆத்திரம் வந்ததும் உண்மை. உன் மேல் இல்லை, என் மேல்தான். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் பெரிய கடிதம், ஒரு டீயை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்.

உனக்கு நினைவு தெரிந்த நாளில் நான் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் கேங் ஆள். அப்போதெல்லாம் இங்கேயே கரிக் கப்பல் வரும். கிரேன் அள்ளியது போக, கப்பலின் அடியறை மூலைகளில் மிஞ்சுவதைக் கூட்டித் தள்ள மண்வெட்டியோடு நாங்கள் இறங்குவோம். மூக்கில் கட்டிய துண்டு அரை மணி நேரத்தில் கறுத்துவிடும். வீட்டுக்கு வந்து துப்பினாலும் கரிதான். அம்மா என் பனியனைத் தனி வாளியில் ஊற வைப்பாள். இந்த நோய் எப்படி வந்தது என்று யார் கேட்டாலும் கரி என்றே சொல்லி வந்தேன். கரிக்கு மட்டும் அந்தப் பெருமையைக் கொடுத்துவிட முடியாது. தினமும் இரண்டு கட்டு பீடி குடித்தவன் நான். டாக்டர் கேட்டபோது எப்போதாவது ஒன்று என்றேன். பக்கத்தில் நின்ற நீ தலையைக் குனிந்துகொண்டாய். இது நுரையீரல் அடைப்பு நோய், போன நுரையீரல் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று அவர் சொன்னதை, வீட்டுக்கு வந்து நீதான் அம்மாவுக்குப் பக்குவமாக எடுத்துச் சொன்னாய்.

எங்கள் கேங்கில் ஒரு வழக்கம் உண்டு. கதையாக நீ கேட்டிருப்பாய், அதன் இன்னொரு பக்கம் எனக்கே இப்போதுதான் தெரிந்தது. யாருக்காவது அடிபட்டால் அவனை 'உட்கார வைப்போம்'. அவன் தினமும் வேலைக்கு வர வேண்டும், ஒரு மூட்டை மேல் உட்கார வேண்டும், அவ்வளவுதான். அவன் பங்கு வேலையை மற்றவர்கள் பிரித்துச் செய்துவிடுவோம். உட்கார வைத்த ஆள் மண்வெட்டியைத் தொட்டால் கேங்குக்கே அவமானம். நீ பிறப்பதற்கு முன்னால் ஒருமுறை இரும்புக் கொக்கி விழுந்து என் இடது பாதம் நசுங்கியது. நாற்பது நாள் உட்கார வைத்தார்கள். சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒரு நாள் எழுந்து போய் மண்வெட்டியை எடுத்தேன். மஸ்தான் அதைப் பிடுங்கி வீசிவிட்டு, "குந்துன்னா குந்து மாமு. நாங்க இன்னா செத்தா பூட்டோம்?" என்று கத்தினான். நாற்பது நாள் கழித்து, அடியறைக்கு இறங்கும் இரும்பு ஏணியில் கால் வைத்தபோது தொடை இரண்டும் வெடவெடவென்று ஆடின. அடிபட்டது இடது பாதம். வலது தொடை எதற்கு ஆட வேண்டும்? இளம் வயது என்பதால் ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது, நானும் அதை மறந்துவிட்டேன்.

நோய் வந்த பிறகு நீங்கள் எல்லோரும் சேர்ந்து என்னை உட்கார வைத்தீர்கள். குற்றம் சொல்லவில்லை. கேங் ஆள் வீட்டில் வேறு எப்படி நடக்கும்? நான் எழுந்து தண்ணீர் மொண்டால் அம்மா ஓடி வருவாள். நான் குனிந்து செருப்பு மாட்டினால் நீ தட்டிவிடுவாய். கட்டிலைக் கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டாய். குளிக்க ஸ்டூல், சாப்பிடத் தட்டு வைக்கப் பலகை, எல்லாம் கட்டிலுக்கே வந்தன. நடந்தால் மூச்சு வாங்கியது, அதனால் நடக்கவில்லை. நடக்காததால் அடுத்த முறை இன்னும் குறைந்த தூரத்திலேயே மூச்சு வாங்கியது. நோய் முற்றுகிறது என்று நாம் மூன்று பேரும் நினைத்துக்கொண்டோம். அதில் பாதி நோய், மீதிப் பாதி நம் வீட்டுப் பாசம் என்பது நமக்குத் தெரியவில்லை.

பிறகு அந்தச் சிவப்பு நாற்காலி வந்தது. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்து திரும்பிய பிறகு, கோயிலுக்குப் போக முடியவில்லையே என்று நான் ஒருநாள் புலம்பினேன். அடுத்த ஞாயிறு காலை மஸ்தானும் சவரியும் வந்து நின்றார்கள், கூட நீயும் எதிர்வீட்டுக்காரரும். பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்கார வைத்து, ஆளுக்கொரு காலைப் பிடித்து ஐம்பத்து நான்கு படியும் தூக்கிக்கொண்டு இறங்கினீர்கள். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்தது. "இன்னா மாமா, தேர் பவனியா?" என்று இரண்டாவது மாடிக்காரி கேட்டாள். நான் கையை உயர்த்தி எல்லோரையும் ஆசீர்வதித்தேன். ஒரே சிரிப்பு. வெட்கமாக இருந்தது என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா? வெட்கமெல்லாம் முதல் ஞாயிறு மட்டும்தான். இரண்டாவது ஞாயிறிலிருந்து எனக்கு அது பிடித்துப்போய்விட்டது. ஊரில் யாருக்கு நாலு பேர் வந்து நிற்கிறார்கள்? சனிக்கிழமையே வேட்டியை மடித்து வைத்துவிட்டுக் காத்திருப்பேன்.

நம் வீட்டை ஆண்டது அந்த விரல் மெஷின்தான். காலை எழுந்ததும் விரலில் மாட்டி ஆக்சிஜன் எத்தனை என்று பார்ப்பாய். தொண்ணூற்று மூன்று என்றால் அம்மா பாட்டு முணுமுணுப்பாள். எண்பத்தெட்டு என்றால் உன் முகம் செத்துவிடும், அன்று நீ வேலைக்கு அரை நாள் லீவு. என்னிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்பதையே நிறுத்திவிட்டீர்கள், எண்ணைத்தான் கேட்டீர்கள். நானும் அந்த எண்ணைக் கவனித்துக் கவனித்து, அது எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பதில் தேறிவிட்டேன். அந்தத் தேர்ச்சியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். சொல்ல வேண்டிய இடம் வரும்வரை கொஞ்சம் தைரியம் சேர்த்துக்கொள்கிறேன்.

நீ கிளம்பிப் போன மூன்றாவது வாரம் ஆஸ்பத்திரியில் மாதப் பரிசோதனை. டாக்டர் இந்தமுறை என்னைப் பின்பக்கம் ஓர் அறைக்கு அனுப்பினார். அங்கே கௌதமி என்று ஒரு பெண். வியாசர்பாடிக்காரி, உன்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவளாக இருப்பாள். பிசியோதெரபிஸ்ட். நானும் மார்பைத் தட்டிப் பார்ப்பாள், ஊதச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, கையை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்திருக்கச் சொன்னாள். அருள், என்னால் எழுந்திருக்க முடியவில்லை. முன்னால் சாய்ந்தேன், முக்கினேன், உடம்பு நாற்காலியிலேயே ஒட்டிக்கொண்டது. மூட்டை தூக்கி ஓடிய உடம்பு இது. அவள் டேப்பை எடுத்துத் தொடையைச் சுற்றி அளந்தாள். வேட்டிக்குள் மறைந்திருந்ததால் நானே அதைச் சரியாகப் பார்த்திருக்கவில்லை. என் தொடை என் கை மாதிரி இருந்தது.

"நைனா, உங்க லங்ஸ் பாதிதான் வேலை செய்யுது. அத்த என்னால ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா காலுக்கு இன்னா வந்துச்சு? காலுலயா கரி பூந்துச்சு?" என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நடந்தால் மூச்சு முட்டுகிறது, அது தெரியாமல் பேசுகிறாயே என்றேன். "தெரியும் நைனா. ஆனா வலு இல்லாத காலு, சின்ன வேலைக்கே எக்கச்சக்கமா காத்து கேக்கும். சதைக்கு வலு வந்திச்சின்னா அதே காத்துல நாலடி சேத்து நடப்பீங்க. உங்ககிட்ட காத்து கம்மியா கீது. கம்மியா கீறவங்கதான் காத்த வீணடிக்காத காலு வெச்சிக்கணும்" என்றாள். கிரேன் மெக்கானிக்கான உனக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. என் அறுபத்து நான்கு வருஷத்தில் யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை. ஓய்வு எடு, ஓய்வு எடு என்பதைத்தான் கேட்டிருக்கிறேன்.

அடுத்த நாளிலிருந்து ஆரம்பித்தோம். வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் அவள் கண் முன்னால், மற்ற நாட்களில் வீட்டில். மூக்கில் வழக்கமாகப் போட்டிருக்கும் ஆக்சிஜன் குழாய் அப்போதும் இருக்க வேண்டும், விரலில் மெஷின் இருக்க வேண்டும், எண்பத்தெட்டுக்குக் கீழே போனால் நிறுத்திவிட வேண்டும், தனியாகச் செய்யக் கூடாது. இதெல்லாம் அவள் போட்ட சட்டம். நாற்காலியில் ஒரு தலையணையைப் போட்டு உயரமாக்கி அதிலிருந்து எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். தண்ணீர் பாட்டிலைப் பிடித்துத் தோள்வரை தூக்கினேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி எம்பினேன். விசில் அடிப்பது போல உதட்டைக் குவித்து, மெதுவாக ஊதிக்கொண்டே எழுந்திருக்க வேண்டும், மூச்சை அடக்கி முக்கக் கூடாது. மூட்டை தூக்கும்போது மூச்சை அடக்கியே பழகிய எனக்கு அதுதான் பெரிய பாடு. முதல் வாரம் அவளைத் திட்டாத நாள் இல்லை. அம்மா அதற்கு மேல். "பாவி, மனுஷன கொன்னே போட்டுடுவியா?" என்று போனிலேயே கௌதமியிடம் சண்டை போட்டாள். கௌதமி அசரவில்லை. "மூச்சு வாங்குறது வேற, மூச்சு போறது வேற ஆன்ட்டி. வாங்கினா குந்தி ஊதச் சொல்லுங்க, அடங்கிடும்" என்றாள்.

அந்த ஒரு பேச்சு என்னைத் திருப்பிப் போட்டது. மூச்சு வாங்கியதும் சாகப் போகிறேன் என்று நடுங்கி நடுங்கியே இத்தனை வருஷம் படுத்துக் கிடந்திருக்கிறேன். வாங்கும், உட்கார்ந்து ஊதினால் அடங்கும். இதை நூறு தடவை பார்த்த பிறகு பயம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. நடுவில் ஒரு காய்ச்சல் வந்து ஐந்து நாள் படுத்தேன். உனக்குச் சாதாரணச் சளி என்று சொன்னோமே, அதுதான். எழுந்து பார்த்தால் மூன்று வாரத்தில் சேர்த்த வலு முழுக்கக் காணோம், பழையபடி தலையணையிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. அன்று நான் அழுதேன். அம்மா தலையணையைக் கொண்டு வந்து நாற்காலியில் போட்டாள். அவள் மாறியது அன்றுதான்.

ஒரு விஷயத்தை நீ சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். விரல் மெஷினில் எண் பெரிதாக மாறவில்லை. முன்பு உட்கார்ந்திருக்கும்போது என்ன காட்டியதோ ஏறக்குறைய அதையே இன்றும் காட்டுகிறது. நடந்தால் இன்றும் இறங்குகிறது. ஆனால் முன்பு கழிப்பறைக்குப் போய் வந்தாலே கால் மணி நேரம் மேல்மூச்சு வாங்கும். இப்போது அதே நுரையீரலோடு வராந்தாவில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஆறு தடவை போகிறேன். கையை ஊன்றாமல் பன்னிரண்டு தடவை எழுந்து உட்காருகிறேன். கௌதமி மறுபடி டேப் வைத்து அளந்து, ஒரு விரல் அகலம் கூடியிருக்கிறது என்று சிரித்தாள். நம் வீட்டில் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த நாம், காலைப் பார்க்கவே இல்லை.

மாடிப்படி என்று வந்தபோது பிரச்சினை வேறு பக்கமிருந்து வந்தது. ஞாயிறு காலை மஸ்தானும் ஆட்களும் நாற்காலியோடு வந்தார்கள். நான் சட்டை போட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். "இன்னிக்கு நீங்க தூக்க வேணாம்பா, நானே எறங்கறேன்" என்றேன். மஸ்தான் முகம் மாறிவிட்டது. "இன்னா மாமு, எங்க தோளு கசந்துடுச்சா உனக்கு? ஒன்ன உக்கார வெச்சிகீறோம். நீ எழுந்து நடந்தா நாள பின்ன கேங்குல எவன் எங்கள மதிப்பான்?" என்றான். கேங் கலைந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, துறைமுகத்தில் கரியும் இல்லை, அவனுக்கு இன்னும் கேங் இருக்கிறது. எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. "நீங்க உக்கார வெச்சி உக்கார வெச்சிதான்டா என் காலு செத்துச்சு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன உடனே வருத்தப்பட்டேன். அவன் நாற்காலியை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டான். இரண்டு ஞாயிறு வரவில்லை. அந்த இரண்டு ஞாயிறும் நான் கோயிலுக்கும் போகவில்லை, ரோஷம்.

மூன்றாவது ஞாயிறு அவனே வந்தான். அம்மா போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள் போல, கேட்டால் இல்லை என்கிறாள். வந்தவன் என் தொடையை அழுத்திப் பார்த்தான், மீன் வாங்குகிறவன் பார்ப்பதைப் போல. "பரவால்ல, சதை புட்சிகினு கீது. சரி, எறங்கு. ஆனா ஒண்ணு மாமு. சேர நாங்க தூக்கினு வருவோம். காலி சேரு. அத்த வேணாம்னு சொன்ன, அவ்ளோதான்" என்றான். நான் ஒப்புக்கொண்டேன். கையில் எடுத்துப் போகும் சின்ன ஆக்சிஜன் சிலிண்டரை மஸ்தான் தோளில் மாட்டிக்கொண்டான். முன்னால் நான், எனக்கு ஒரு படி பின்னால் அவன், அவனுக்குப் பின்னால் காலி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மூன்று பேர். இறங்குவது ஒன்றும் கஷ்டமாக இல்லை. திரும்பி வந்து ஏறியதுதான் சோதனை. ஊதிக்கொண்டே ஒரு படி, நின்று இழுத்து, ஊதிக்கொண்டே அடுத்த படி. ஒவ்வொரு திருப்பத்திலும் சவரி நாற்காலியைப் போட, நான் உட்கார்ந்து எண்ணைப் பார்த்தேன். இரண்டாவது மாடியில் எண்பத்தேழு. பத்து நிமிஷம் உட்கார்ந்தேன். தொண்ணூற்றொன்று வந்ததும் எழுந்தேன். மொத்தம் அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வாசலில் நின்றிருந்த அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். மஸ்தான், "கப்பல் ஏணில ஏறினா மாதிரியே ஏறிட்டடா" என்று சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

பின்னால் சொல்கிறேன் என்றேனே, இப்போது அந்த இடம் வந்துவிட்டது. போன வருஷம் உனக்குச் சிங்கப்பூர் வேலை வந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேசை மேல் ஒப்பந்தப் பேப்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அம்மாவும் சரி என்று சொல்லிவிட்டாள். நீ என் முகத்தைப் பார்த்தாய். போ என்று தலையாட்டினேன். தலையாட்டிவிட்டு எழுந்து கழிப்பறைக்குப் போனேன். கதவைச் சாத்தி, மூக்கிலிருந்து ஆக்சிஜன் குழாயைக் கழற்றினேன். குழாயில்லாமல் அந்த நாலடி இடத்தில் முன்னும் பின்னும் நடந்தேன், குந்தி எழுந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்ததும் குழாயை மாட்டிக்கொண்டு வெளியே வந்து உன் பக்கத்தில் சரிந்தேன். நீ பதறி விரலில் மெஷினை மாட்டினாய். எழுபத்தொன்பது காட்டியது. அது ஏறிவிடும் என்று எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது. நீ பேப்பரை நான்காகக் கிழித்துவிட்டு என் முதுகைத் தடவினாய். நான் தடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன்.

ஏன் செய்தேன் என்று நூறு காரணம் சொல்லலாம். பயம் என்ற ஒன்றுதான் உண்மை. நீ இல்லாத வீட்டில் செத்துப்போவேன் என்ற பயம். உன் இரண்டு தோளுக்காக உன் வருஷங்களை நான் எடுத்துக்கொண்டேன். நீ கோபப்படு. போனில் திட்டு. ஒரு மாதம் பேசாமல்கூட இரு, எனக்கு அது தகும். போன வாரம் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், நிமிரவே இல்லை. "எனக்கு அன்னிக்கே தெரியும்யா. வெளிய வர சொல்ல டியூப காதுல முறுக்கிகினு மாட்டியிருந்த. எப்பவும் அத்த நேரா மாட்ற ஆளு நீ" என்றாள். ஏன் அருளிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "எனக்கும் புள்ள இங்கியே இருந்தா தேவலன்னுதான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். ஆக, தப்பு என் ஒருவனுடையது அல்ல, ஆனால் குழாயைக் கழற்றிய கை என்னுடையது.

நீ ஓமன் போனால் எனக்கு என்ன ஆகும் என்று நீ கேட்பாய். மறைக்காமல் சொல்கிறேன். இந்த நோய் நிற்காது, மெதுவாகப் போய்க்கொண்டுதான் இருக்கும். காய்ச்சல் வந்தால் மறுபடி விழுவேன், மறுபடி தலையணையிலிருந்து ஆரம்பிப்பேன். கௌதமி இப்போது பதினைந்து நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்கிறாள். மருந்தையும் மெஷினையும் அம்மா பார்த்துக்கொள்வாள். மஸ்தான் காலி நாற்காலியோடு ஞாயிறுதோறும் வருவான், வர வேண்டாம் என்றாலும் வருவான். ஏறவே முடியாத ஒரு நாளும் வரும். நான் போகும்போது நீ பக்கத்தில் இல்லாமல் போகலாம். அதை நான் யோசித்துப் பார்த்துவிட்டேன், தாங்கிக்கொள்ள முடிகிறது. கல்லறைக்குப் போகும்போது மட்டும் நாலு பேர் தூக்கிக்கொள்ளுங்கள், அதுவரை கையை வைக்காதீர்கள் என்று மஸ்தானிடம் சொல்லியிருக்கிறேன். "அன்னிக்கு நீ வேணாம்னு சொன்னாலும் வுட மாட்டோம்" என்றான்.

உனக்குச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. அங்கே தூசியில் வேலை செய்தால் முகமூடியைக் கழற்றாதே, வெயிலைச் சாக்கு சொல்லாதே. பீடியோ சிகரெட்டோ, என் மகன் எடுப்பதில்லை என்று நம்புகிறேன், எடுத்தால் இந்தக் கடிதத்தை இன்னொரு தடவை படி. நாளைக்கு உனக்கு மனைவி, பிள்ளை என்று வந்து அவர்களில் யாராவது நோயில் விழுந்தால், ஓடிப்போய்த் தூக்காதே. பக்கத்தில் நில், கையைக் கொடு, ஆனால் அவர்கள் கால் தரையில் இருக்கட்டும். பாசம் கண்ணை மறைக்கும்போது என் தொடையை நினைத்துக்கொள். உன்னைப் போல ஒரு பிள்ளை எனக்குக் கிடைத்ததற்கு நான் தினமும் மாதாவுக்கு நன்றி சொல்கிறேன். இதை நேரில் ஒருநாளும் சொன்னதில்லை, அதுவும் என் தப்புகளில் ஒன்று.

கடிதம் கிடைத்ததும் அம்மாவுக்கு ஒரு வரி மெசேஜ் போடு. அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் கீழே இறங்குவேன், மஸ்தான் கூட இருப்பான். மறுபடி மேலே ஏறி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உனக்குப் போன் செய்வேன். நீ எடுத்ததும் என் பேச்சு வராது. மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்கும், இழுக்கும், ஊதும், மறுபடி இழுக்கும். பயந்துபோய் அம்மாவைக் கூப்பிடாதே. பஸ்ஸைப் பிடிக்க ஓடாதே. போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு பொறுமையாக இரு. அது உன் அப்பா மூன்று மாடி ஏறி வந்து நிற்கிற சத்தம். கொஞ்ச நேரத்தில் அடங்கும். அடங்கியதும் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன், கையெழுத்துப் போட்டாயா என்று.

உன் நைனா